சின்னத் திருகில் தெரிந்த வித்தியாசம்

திருகுகளை முடுக்கும் மின்கருவியான இம்பாக்ட் டிரைவரை வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் முறுக்குவிசை எண்ணைத்தான். 170, 180, 205 நியூட்டன் மீட்டர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எங்கள் பணிக்குழுவின் பழைய கருவிகளை மாற்றும் நேரம் வந்தபோது, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் அந்த எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டுதான் தொடங்கினேன். சோதனை முடிவதற்குள் அந்தத் தாள் வேறு குறிப்புகளால் நிறைந்துவிட்டது. முறுக்குவிசைக் கட்டத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் வேலை இரண்டு வகை. ஒரு பக்கம் கூரைச் சட்டம், மரத்தளம், உத்தரங்களைப் பிணைக்கும் நீளத் திருகுகள். மறுபக்கம் கதவு, சன்னல், அலமாரி. முதல் வகைக்கு வலு வேண்டும், இரண்டாவதற்கு அடக்கம் வேண்டும். ஒரே கருவி இரண்டுக்கும் ஈடுகொடுக்குமா என்பதே என் கேள்வி. 18 வோல்ட் வகையில் மூன்று கருவிகளை வாடகைக்கும் இரவலுக்குமாக வாங்கி, நடந்துகொண்டிருந்த வேலையிலேயே ஓட்டிப் பார்த்தோம். ஓரிரு நாளிலேயே அவற்றுக்குக் குட்டை, நெட்டை, முரடு என்று பெயர் விழுந்துவிட்டது. இங்கும் அந்தப் பெயர்களே இருக்கட்டும்.

டிரில்லிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் எல்லாமே அதைப் பொறுத்தவை. டிரில்லில் மோட்டாரின் விசை பல்சக்கரங்கள் வழியாக நேரே, திருகின் தலையில் பொருந்தும் முனையான பிட்டுக்குப் போகிறது. திருகு பாதியில் சிக்கிக்கொண்டால் எதிர்விசை முழுவதும் மணிக்கட்டைத் திருப்பும். இம்பாக்ட் டிரைவருக்குள் கனமான உலோக உருளை ஒன்று இருக்கிறது, அதுதான் சுத்தியல். பிட்டைப் பிடித்திருக்கும் தண்டின் பின்முனையில் இரண்டு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும், அது பட்டடை. திருகு இலகுவாக இறங்கும்வரை இரண்டும் சேர்ந்தே சுற்றுகின்றன. எதிர்ப்பு ஓர் அளவைத் தாண்டியதும் சுத்தியல் சுருள்வில்லை அமுக்கியபடி பின்வாங்கி, பட்டடையின் காதைத் தாண்டி, வில்லின் வேகத்தோடு பாய்ந்து அடுத்த காதைச் சுற்றுத் திசையில் அறைகிறது. நிமிடத்துக்கு 3,000 முதல் 4,000 அடிகள் வரை. ஒவ்வோர் அடியும் நொடியின் மிகச் சிறு பகுதியில் முடிந்துவிடுவதால் கை திருகிக்கொள்வதில்லை. பிட்டை முன்னோக்கிக் குத்தும் ஹேமர் டிரில் வேறு, இது வேறு. கான்கிரீட்டில் துளையிட இதை எடுப்பவருக்குச் சத்தம் மட்டுமே மிஞ்சும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண் இந்த அடிகளின் உச்சம். டிரில்லின் 60 நியூட்டன் மீட்டரையும் இதன் 180ஐயும் அருகருகே வைத்து மூன்று மடங்கு வலு என்று கணக்குப் போடுவதில் பொருளில்லை. ஒன்று விடாமல் தொடரும் விசை, மற்றது கணநேர அடி. மேலும், மரத்தில் நீளத் திருகை முடுக்கும்போது ஒவ்வோர் அடியிலும் கணிசமான பங்கு திருகும் மரமும் நெகிழ்வதிலேயே கரைந்துபோகிறது. எஃகோடு எஃகு இறுகியிருக்கும் குட்டையான போல்ட்டில்தான் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் போக முடியும்.

முதல் சோதனைக்கு வைரம் பாய்ந்த பழைய உத்தரத் துண்டுகளை எடுத்துக்கொண்டோம். 8 மில்லிமீட்டர் தடிமனும் 160 மில்லிமீட்டர் நீளமும் உள்ள கட்டுமானத் திருகுகள், முன்கூட்டியே போடும் வழித்துளை இல்லாமல். மூன்றுமே இறக்கின. முரடு முந்தியது, ஆனால் ஒரு மூச்சு வித்தியாசத்தில்தான். நெட்டை நடுவழியில் தளர்ந்து, அடிகளின் ஓசை மாறி, முக்கி முனகித்தான் முடித்தது. அதை அங்கேயே தள்ளிவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். பேட்டரியைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் புரிந்தது: மற்ற இரண்டிலும் 5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி, இதில் 2.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 18 வோல்ட் பேட்டரி என்பது 3.6 வோல்ட் லித்தியம் அயனிக் கலங்கள் ஐந்தைத் தொடராக இணைத்தது. 20 வோல்ட் மேக்ஸ் என்று சில நிறுவனங்கள் விற்பதும் அதே ஐந்து கலங்கள்தான். முழுதாக ஏற்றிய நிலையில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், அந்த உச்சத்தைப் பெயராக்கிவிட்டார்கள். 2 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் பொதுவாக ஒரே வரிசை. 5 ஆம்பியர்-மணியில் இரண்டு வரிசை, பத்துக் கலங்கள். சுமை ஏறும்போது மின்னோட்டத்தை இரண்டு வரிசைகளும் பங்கிட்டுக்கொள்வதால் மின்னழுத்தம் அவ்வளவாகச் சரிவதில்லை. அதாவது பெரிய பேட்டரி அதிக நேரம் உழைப்பதோடு, கருவியை அதிக வலுவோடும் உழைக்க வைக்கிறது. நெட்டைக்கும் அதே அளவு பேட்டரியைப் போட்டதும் முனகல் நின்றது. வெவ்வேறு அளவுப் பேட்டரிகளோடு கருவிகளை ஒப்பிட்டு யாராவது தீர்ப்புச் சொன்னால், அவர் ஒப்பிட்டது பேட்டரிகளைத்தான்.

பெரிய பேட்டரிக்கு நாம் கொடுக்கும் விலை அதன் எடை. ஏறக்குறைய கால் கிலோ கூடுகிறது. தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கூரை வேலை செய்கிறவருக்குப் பிற்பகலில் அது தோளில் தெரியும். அதற்கு ஈடாகத் தேங்கும் ஆற்றல் கூடுதல்: 18 வோல்ட்டை 5 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 90 வாட்-மணி, 2 ஆல் பெருக்கினால் 36. ஏணியில் நிற்கிறவருக்குச் சின்னது, தரையில் நின்று உத்தரம் பிணைக்கிறவருக்குப் பெரியது என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம்.

பெரிய திருகுச் சோதனையில் மூன்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நின்றதால், முறுக்குவிசை எண் அதோடு ஓய்ந்தது. உண்மையான வித்தியாசம் அலமாரிக் கதவில் வெளிப்பட்டது.

துகள்பலகையில் கீல் பொருத்த 16 மில்லிமீட்டர் நீளமுள்ள சின்னத் திருகு. இம்பாக்ட் டிரைவரில், டிரில்லில் இருப்பதுபோல அளவோடு விடுபடும் கிளட்ச் கிடையாது. நிறுத்துவது விரல் மட்டுமே. திருகின் தலை கீலைத் தொட்டபின் அரைச் சுற்று கூடினாலும் பலகைக்குள் புரி அரைபட்டு, திருகு சும்மா சுற்ற ஆரம்பித்துவிடும். முரடு இங்கே மானத்தை வாங்கியது. விரலால் அழுத்தி ஓட்டும் விசைப்பொத்தானின் முதல் அசைவில் ஒன்றும் நடக்காது. இன்னும் ஒரு மயிரிழை அழுத்தினால் பாய்ந்துவிடும். பலகையில் திருகு சுற்றிச் சுற்றி மாவு கொட்டியது. நெட்டை பரவாயில்லை. குட்டையில் விசையை அழுத்த அழுத்த வேகம் கூடவே ஏறியது. பிட்டின் மேல் பேனாவால் இட்ட கோடு நகர்வதைக் கண்ணால் பின்தொடரும் அளவுக்கு மெதுவாகவும் ஓட்ட முடிந்தது. வேகத்தை முதல் நிலையில் வைத்துக்கொண்டால் அடியே விழாமல் திருகைத் தலைவரை கொண்டுபோகலாம். பிறகு டக் டக் என்று ஓரிரு அடி, விரலை எடுத்துவிட வேண்டியதுதான்.

எங்களோடு வேலை செய்யும் மூத்த தச்சர் ஒருவர் மூன்றையும் கையில் வாங்கி, திருகே இல்லாமல் காற்றில் விசையை மட்டும் மெல்ல அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு குட்டையை என்னிடம் நீட்டி, "தம்பி, இது சொன்ன பேச்சைக் கேட்கிறது" என்றார். நான் நிரப்பிவைத்திருந்த தாளைவிட அந்தச் சோதனை வேகமாக முடிந்தது. இப்போது எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் அதைத்தான் செய்து பார்க்கிறேன்.

மென்மையான பித்தளைத் திருகை மட்டும் மூன்று கருவிகளில் எதனிடமும் கொடுக்கவில்லை. வழித்துளை போட்டு, அதே அளவு எஃகுத் திருகால் ஒருமுறை புரி வெட்டிவிட்டு, பித்தளையைக் கையால் முடுக்குவதே எங்கள் வழக்கம். அதை மாற்றும் எண்ணம் இல்லை.

சதுரக் குழாயில் தகடு பதிக்கும் சுயதுளைத் திருகுகளிலும் இதே கதைதான், ஆனால் சுருக்கமாகச் சொல்கிறேன். திருகின் முனை உலோகத்தைக் குடைந்து முடிக்கும்வரை சீரான சுழற்சி வேண்டும். குடைந்ததும் புரி பிடித்துக்கொள்ளும், அப்போது வேகம் குறையாவிட்டால் தலை முறியும் அல்லது தகடு நெளியும். இதற்கென்றே தனி நிலை உள்ள கருவிகள், அடி விழத் தொடங்கியதை உணர்ந்து தாமாகவே வேகத்தைக் குறைக்கின்றன. குட்டையிலும் நெட்டையிலும் அது இருந்தது, ஒழுங்காகவும் வேலை செய்தது. விளம்பரத் தாளில் வரும் நிலைகளில் நான் மதிப்பது இது ஒன்றைத்தான்.

மூக்கின் நீளம் இன்னொன்று. குட்டையின் தலை ஏறக்குறைய 100 மில்லிமீட்டர், நெட்டையின் தலை அதைவிடச் சுமார் 40 கூடுதல். காகிதத்தில் அற்பமாகத் தெரியும் இந்த 40, அலமாரிக்குள் கையை விட்டால் வேலை நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும்: கைப்பிடிக்கு மேலே ஒற்றை விளக்கு வைத்தால் பிட்டின் நிழல் சரியாகத் திருகின் தலைமேல் விழுகிறது. மூக்கைச் சுற்றி மூன்று விளக்குகள் வைத்தால் விழுவதில்லை. இது தெரிந்தும் ஏன் இன்னும் ஒற்றை விளக்கு வைக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

சத்தம். மூடிய அறைக்குள் அடி விழத் தொடங்கினால் பேச்சே எடுபடாது. இவ்வகைக் கருவிகளின் கையேடுகளில் 95 டெசிபெலுக்கு மேல் குறிப்பிடப்பட்டிருப்பது சாதாரணம். நியோஷ் எனப்படும் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 97 டெசிபெலில் அரை மணி நேரம். அதிர்வுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 ஆம் ஆண்டு நெறிமுறை, எட்டு மணி நேர வேலைக்கு 2.5 மீட்டர்/வினாடி² அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. உச்ச வரம்பு 5. கருவியின் அதிர்வு 10 என்றால் நடவடிக்கை அளவை எட்ட அரை மணி நேரமே போதும். அரை மணி என்பது விசையை அழுத்தியிருக்கும் நேரம் மட்டும். திருகுக்கு ஐந்து வினாடி வைத்தால் 360 திருகுகள். மரத்தளம் போடும் நாளில் அது மதியத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். ஆகவே காதடைப்பான் கட்டாயம், ஆளை மாற்றிக்கொள்வதும் கட்டாயம் என்று வைத்தோம். குழுவில் இளையவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், நான் இறங்கிவரவில்லை.

சத்தத்துக்காகவே எண்ணெய்த் துடிப்பு வகை ஒன்றையும் வாங்கிப் பார்த்தோம். அதில் உலோகம் உலோகத்தை நேராக அறைவதில்லை, இடையில் எண்ணெய் அழுத்தம் அடியை மென்மையாக்கிக் கடத்துகிறது. காதுக்கு இதம், கீல் வேலைக்கும் அருமை. நீளத் திருகில் ஈடுகொடுக்கவில்லை. குடியிருப்பவர்கள் வீட்டிலேயே இருக்க, உள்ளலங்கார வேலை மட்டும் செய்பவராக இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

பிட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் சோதனையில் எங்களை எரிச்சலூட்டியவற்றில் பாதி கருவியின் தவறே அல்ல. கூட்டல்குறி வடிவிலான பிலிப்ஸ் தலையின் பள்ளம் உள்நோக்கிச் சரிந்திருப்பதால் விசை கூடும்போது பிட் மேலேறி வழுக்குகிறது. போசிடிரைவ் தலைக்குப் பிலிப்ஸ் பிட்டைப் போட்டால் இன்னும் மோசம். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல இருப்பதால் பெட்டியில் கலந்துவிடுகின்றன. 1967இல் வந்த டார்க்ஸ் என்னும் ஆறுமுனைத் தலை இந்தத் தொல்லையை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. திருகுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் வழுக்கிச் சிதைந்த தலையை நோண்டி எடுக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது இலாபமே. பிட் இம்பாக்ட் வகையாக இருக்க வேண்டும். நடுவில் மெலிந்த பகுதி அடியை வாங்கிச் சற்றே முறுகிக்கொடுக்கும். அளவுக்கு மீறிக் கடினமாக்கிய சாதாரண பிட் படீரென்று முறியும். போல்ட்டின் தலையைக் கவ்வும் சாக்கெட்டுக்கும் இதே விதி: கைச்சாவிக்கான பளபளக்கும் குரோம் சாக்கெட்டை இதில் மாட்டக் கூடாது, அது சிதறக்கூடும். கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்தான் வேண்டும். குறிப்பிட்ட முறுக்கில் நிறுத்த வேண்டிய போல்ட்டை இதால் இறுக்கி முடிக்கவும் கூடாது. நெருக்கிவிட்டு, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சை எடுங்கள்.

கடைசியில் குட்டையைத்தான் எடுத்தோம். அதிலும் குறை இருக்கிறது: வேக நிலையை மாற்றும் பொத்தான் அடிப்பகுதியில், பேட்டரிக்கு மேலே இருக்கிறது, கையுறையோடு தேட வேண்டியிருக்கிறது. இடுப்புக் கொக்கியும் வலுவில்லை. பட்டடைப் பக்கம் பிட் மிக இலேசாக ஆடுகிறது, அது நீண்ட பிட்டில் தெரிகிறது. அதே பேட்டரியில் ஓடும் ரம்பமும் அரைவைக் கருவியும் எங்களுக்குத் தேவைப்பட்டன, அந்த வரிசை முழுமையாக இருந்ததும் தேர்வுக்கு ஒரு காரணம்; ஒரு நிறுவனத்தின் பேட்டரிக்குள் நுழைந்துவிட்டால் வெளியே வருவது எளிதல்ல. பழைய டிரில்லை யாருக்கும் கொடுத்துவிடவில்லை. துளையிடுவதும், கிளட்ச் வைத்து ஒரே ஆழத்தில் ஒரு வரிசைத் திருகுகளை நிறுத்துவதும் இன்னும் அதன் வேலைதான்.