ஏறி வந்தவள்

அந்த மெசேஜ் வந்த நேரம் இரவு 1.38. ஃபாஸ்டேகில் டோல் பணம் பிடித்ததற்கான மெசேஜ். டாபாவில் லாரியை ஓரங்கட்டிவிட்டு நான் போனைப் பார்த்தபோது மணி 2.10. அந்த டோல்கேட்டைத் தாண்டிய ஞாபகமே எனக்கு இல்லை.

லைன் ஓட்டுகிறவர்களுக்கு, அதாவது தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர்களுக்கு, இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. டோலில் கியரை இறக்கியிருக்க வேண்டும், முன்னால் நிற்கும் வண்டிக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும், கட்டை தூக்கியதும் மறுபடி எடுத்திருக்க வேண்டும். அத்தனையும் நான்தான் செய்திருக்கிறேன். கையும் காலும் பழக்கத்தில் செய்திருக்கின்றன. நான் அங்கே இல்லை.

இதை என் மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

2022 செப்டம்பர். சேலத்தில் ஏற்றிய ஜவ்வரிசி லோடு, டெல்லிக்கு. அந்த மாதக் கடைசியில் நவராத்திரி. வடக்கே விரதம் இருப்பவர்களுக்கு ஜவ்வரிசிதான் சாப்பாடு, அதனால் சரக்கு அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று புக்கிங் ஆபீஸில் சொல்லித்தான் அனுப்பினார்கள். சரக்கோடு போகும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லில் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் கணக்கு, ஆகவே அந்தக் காகிதம் எங்களை அவசரப்படுத்தவில்லை. தாமதமானால் லோடு வாடகையில் பிடிப்பார்கள், அதுதான் அவசரப்படுத்தியது. ஆதிலாபாத் பக்கம் கியர் பாக்ஸ் போய், ஆறு நாள் ரோட்டோரம் கிடந்தோம்.

அந்த ஆறு நாளைப் பற்றி நிறையச் சொல்லலாம். தினமும் மழை. தார்ப்பாயை வண்டியிலிருந்து இழுத்துக் கட்டி, அடியில் ஸ்டவ்வை வைத்து, வண்டியில் கூட வந்த என் மனைவி சமைத்தாள். பாத்ரூமுக்கு அரை கிலோமீட்டர் தள்ளி இருந்த பெட்ரோல் பங்குக்குத்தான் போக வேண்டும். விடிவதற்கு முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு இருவரும் நடப்போம். ராத்திரி டீசல் திருடர் பயம், ஆளுக்கு இரண்டு மணி நேரம் முழித்திருப்போம். நான்காவது நாள் கையில் இருந்த பணம் தீர்ந்தது. வண்டிக்கு ஃபைனான்ஸ் டியூ வேறு பாக்கி. ஊரில் அவள் போட்டிருந்த சீட்டுப் பணத்தைத் தங்கச்சியிடம் சொல்லி எடுத்து அனுப்பச் சொன்னாள். என்னிடம் கேட்கவில்லை. பணம் ஏறிய பிறகுதான் சொன்னாள். “இருக்கட்டுங்க மாமா, நம்ம வண்டிக்குத்தானே.”

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பணத்தில் ஓடிய கியர் பாக்ஸ் அது.

ஆறாம் நாள் பகல் மூன்று மணிக்கு வண்டி கிளம்பியது. காலையிலிருந்து மெக்கானிக்கோடு நானும் வண்டிக்கு அடியில்தான் கிடந்தேன். நாக்பூர் தாண்டும்போதே கண் எரிந்தது. அவள் இடது பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். அது அவள் வேலை. 2018 வரை நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்பது விதி. அதை எடுத்துவிட்டார்கள். கிளீனருக்குச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். அப்படித்தான் அவள் வண்டியில் ஏறினாள். மாதத்தில் இருபது, இருபத்தைந்து நாள் கேபின்தான் எங்களுக்கு வீடு. டயரைக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்தே காற்று குறைந்ததைச் சொல்லிவிடுவாள். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று பாடியைத் தட்டி “வரட்டும், வரட்டும்” என்பாள். டீசல், டோல், படி எல்லாக் கணக்கும் அவள் நோட்டில்தான்.

அன்றைக்கு அவள் கேட்ட இரண்டு கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லையாம். மூன்றாவதாக, “டீ குடிக்கலாம், நிறுத்துங்க மாமா” என்றாள். அது எனக்குக் கேட்டது. நிறுத்தினேன். நான் போனை எடுத்துப் பார்த்த அந்த நேரத்தில் அவள் எட்டிச் சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

“நாலு மணி நேரம் படுங்க. அப்புறம் தர்றேன்.”

“சாவியக் குடு.”

“குடுக்க மாட்டேனுங்க.”

கயிற்றுக் கட்டிலில் மூன்று டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நம்மூர் வண்டிக்காரர். அவர் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன்: “வண்டி என்னோடது. நீ ஏறி வந்தவ. ஏறி வந்தவ மாதிரி இரு.”

நான் கத்தியது கோபத்தில் இல்லை. பயத்தில். மெசேஜைப் பார்த்துவிட்டேன் அல்லவா? அவள் செய்தது சரி என்று அவளைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன். தெரியாமல் சொல்லியிருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம்.

ஆனால் என் பக்கமும் ஒன்று இருக்கிறது. இருபது வருடம் இப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். நாலு பேர் முன்னால் டிரைவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்குவது சின்ன விஷயமில்லை. தனியாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனா? அதற்கு முன்னால் எத்தனையோ ராத்திரி தனியாகத்தான் சொல்லியிருக்கிறாள். “இன்னும் அம்பது கிலோமீட்டர்” என்பேன். அவளும் பேச்சைத் தொடருவாள். அந்த நம்மூர்க்காரர் அங்கே இல்லாவிட்டால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்குமா என்றும் யோசித்திருக்கிறேன். அவருக்குத் தமிழ் புரியும் என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அவள் அழவில்லை. சீட்டுப் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. “சரிங்க” என்று மட்டும் சொன்னாள். கேபினில் ஏறி, சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு படுத்தாள். நான் கட்டிலில் படுத்தேன். படுத்ததுதான் தெரியும், எழுந்தபோது வெயில் அடித்தது. சாவி அதன் இடத்தில் செருகியிருந்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பெஞ்ச் என்ற புலிக் காடு வரும். விலங்குகள் அடியில் போவதற்காக ரோட்டைப் பாலம்போல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு ட்ரிப்பிலும் அந்த இடம் வந்தால், “கீழ இப்ப புலி போகுமில்ல மாமா” என்பாள். அன்றைக்குச் சொல்லவில்லை. நானும் அந்தப் பாலத்தில் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அறுபதில் போனால் ஒரு நொடிக்குப் பதினாறு பதினேழு மீட்டர். மூன்று நொடி கண் செருகினால் ஐம்பது மீட்டர். பின்னால் முழு லோடு. நான் டோலைக் கடந்தது எத்தனை நொடிக் கணக்கு?

டெல்லியில் தாமதத்துக்கு வாடகையில் 3,000 ரூபாய் பிடித்தார்கள். அந்த நாலு மணி நேரத்தால்தான் பிடித்தார்கள் என்று கொஞ்ச நாள் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு நாள் தாமதத்தில் நாலு மணி நேரம் என்ன கணக்கு என்பது எனக்குத் தெரியாதா?

அவள் வண்டிக்கு வருவதை நிறுத்தவில்லை. எல்லா வேலையும் முன்புபோலத்தான் செய்கிறாள். ஒன்றுதான் மாறியது. “நம்ம வண்டி” என்பது “உங்க வண்டி” ஆகிவிட்டது. உங்க வண்டிக்கு இன்சூரன்ஸ் தேதி வருதுங்க, உங்க வண்டியில பின் டயர் தேயுதுங்க. யாரிடமும் குறை சொல்வதுபோல இருக்காது. சாதாரணமாகத்தான் சொல்வாள். ஆனால் ஒருமுறைகூடத் தவறி “நம்ம” என்று வந்ததில்லை. இரண்டு முறை மன்னிப்புக் கேட்டேன். “எதுக்குங்க, அதெல்லாம் மறந்தாச்சு” என்றாள். மெசேஜைச் சொல்லாமல் கேட்ட மன்னிப்பு அது. அதனால்தான் அது சேரவில்லையோ என்னவோ. சொன்னால் என்ன ஆகும்? தெரிந்தேதான் சொன்னீங்களா என்று கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புதிதாக லைனுக்கு வரும் பையன்களிடம், கண் சொக்கினால் எந்த ஆபீஸ்காரன் போன் செய்தாலும் வண்டியை நிறுத்திவிட்டுப் படு என்று சொல்கிறேன். அது சத்தியமான பேச்சு. ஆனால் இந்தத் தீபாவளி லோடுக்கு நானே மூன்று மணி வரை ஓட்டினேன். பக்கத்தில் அவள் முழித்துத்தான் இருந்தாள். நிறுத்துங்க என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

போன மாதம் அதே டாபாவுக்கு முன்னால் பன்னிரண்டு மணிக்கே நானாக நிறுத்தினேன். “தூக்கம் வருது” என்றேன். “உங்க வண்டி, உங்க சௌரியம்” என்று சொல்லிக்கொண்டே விரிப்பை உதறிப் போட்டாள். இன்ஜினை அணைத்ததும் கேபினில் சத்தம் அடங்கியது. 1.38 என்று ஆரம்பிக்க வாய்வரை வந்தது. சாவியை எடுத்து, டேஷ்போர்டில் அவள் பக்கமாக வைத்தேன்.

அவள் அதைப் பார்த்தாள். கொஞ்சம் நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்தாள்.