சிவந்த தெருக்களில் ஓட்டுப் போட்டவர்கள் யார்?

2024 நவம்பர் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ரொம்ப நாள் வரைக்கும் நியூயார்க்கில் எங்கள் குயின்ஸ் வட்டார வாட்ஸப் குழுக்களில் ஒரே வரைபடம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நியூயார்க் நகரத்தைத் தெருத் தெருவாகப் பிரித்து, 2020ஐ விட டிரம்புக்கு எங்கெங்கே ஓட்டு விகிதம் கூடியதோ அங்கெல்லாம் அவரது ரிபப்ளிகன் கட்சியின் நிறமான சிவப்பில் அம்பு போட்டிருந்தார்கள். கொரோனா (தொற்று இல்லை, குயின்ஸில் அந்தப் பெயரில் இருக்கும் ஊர்), எல்ம்ஹர்ஸ்ட், ஃப்ளஷிங், ரிச்மண்ட் ஹில், பிராங்க்ஸில் பாதி என்று எல்லாமே சிவப்பு. அதோடு ஒரு வரியும் வரும்: "குடியேறிகளே அந்தப் பக்கம் போயிட்டாங்க, இனிமே என்ன பேச்சு?"

இந்த ஒரு வரி என்னை இன்றுவரை உறுத்துகிறது. நான் இங்கே தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வேலைக்குப் போகிறவன். நியூயார்க் சட்டப்படி ஒவ்வொரு சாவடியிலும் இரண்டு கட்சி சார்பிலும் ஆட்கள் இருக்க வேண்டும். ஒரே மேசையில் டெமாக்ரட் ஒருவரும் ரிபப்ளிகன் ஒருவரும் காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். சாவடியை மூடியதும் ஸ்கேனர் எந்திரம் கடை பில் மாதிரி நீளமாக ஒரு டேப்பை அச்சடித்துத் தள்ளும். அதில்தான் எங்கள் தெருக்களின் கணக்கு முதன்முதலாக வெளியே வரும். அந்த டேப்பைக் கையில் பிடித்தால் விகிதம் கண்ணில் படாது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் முதலில் படும்.

நகரம் முழுக்க எடுத்தால் டிரம்புக்கு 2016இல் சுமார் 18 சதவீதம், 2020இல் 23, 2024இல் 30. பிராங்க்ஸில் மட்டும் பார்த்தால் 10க்குக் கிட்டே இருந்தது 27 ஆகிவிட்டது. இதைப் பார்த்தால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும்தான். ஆனால் சதவீதத்தை விட்டுவிட்டு ஓட்டுகளை எண்ணிப் பாருங்கள். 2020ஐ விட 2024இல் நகரத்தில் டிரம்புக்குக் கூடுதலாக விழுந்தது ஒரு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. 2020இல் டெமாக்ரட் வேட்பாளர் பைடன் வாங்கியதைவிட 2024 டெமாக்ரட் வேட்பாளர் ஹாரிஸ் குறைவாக வாங்கியதோ 5,70,000க்கு மேல். ஒரு பக்கம் கூடியதைப் போல ஐந்தாறு மடங்கு மறுபக்கம் காணாமல் போயிருக்கிறது.

ஒரு கற்பனைத் தெருவை வைத்துக்கொள்வோம். 2020இல் பைடனுக்கு 300, டிரம்புக்கு 100. 2024இல் ஹாரிஸுக்கு 200, டிரம்புக்கு அதே 100. அந்தத் தெருவில் ஒரே ஒரு ஆள்கூடக் கட்சி மாறவில்லை. ஆனாலும் டிரம்பின் பங்கு 25இலிருந்து 33 ஆகிவிடும், வரைபடத்தில் சிவப்பு அம்பு பளிச்சென்று ஏறிவிடும். அந்த நூறு பேர் வேலைக்குப் போனார்களா, வெறுத்துப்போய் வீட்டில் இருந்தார்களா, வாடகை கட்டுப்படியாகாமல் நகரத்தை விட்டே போனார்களா என்று அம்பு சொல்லாது. கொரோனா தொற்றுக்குப் பிறகு லட்சக்கணக்கானவர்கள் இங்கிருந்து வெளியேறியதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஹில்சைட் அவென்யூவில் நான் காய்கறி வாங்கும் கடையின் அண்ணன், குடியுரிமை வாங்கிப் பல வருடங்கள் ஆனவர். தேர்தல் முடிந்த வாரம் யாருக்குப் போட்டார் என்று கேட்டேன். "யாருக்கும் போடலை தம்பி. போன தடவை ஓடிப்போய்ப் போட்டேன். அரிசி மூட்டை விலையப் பாத்தியா? அப்புறம் எதுக்குக் கடைய மூடிட்டுப் போகணும்?" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. டிரம்பின் பங்கு ஏறியதில் அவருக்கும் பங்கு உண்டு, டிரம்புக்கு அவர் ஓட்டே போடாமல்.

நிஜமாகவே மாறியவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அதை மறைப்பது நேர்மை ஆகாது. ஃப்ளஷிங், சன்செட் பார்க், பென்சன்ஹர்ஸ்ட் பக்கம் சீனக் குடும்பங்கள் திடீரென்று 2024இல் விழித்து மாறவில்லை. 2018இல் மேயராக இருந்த டெமாக்ரட் டி பிளாசியோ சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வை எடுத்துவிடப் பார்த்தார். பிள்ளையின் படிப்பையே குடும்பத்தின் ஏணியாக நினைத்திருந்த பெற்றோர் அன்றைக்கே கொதித்துப் போனார்கள். அடுத்து கொரோனா காலத்தில் ஆசிய முகங்கள் மீது தெருவில் நடந்த தாக்குதல்கள். 2022 கவர்னர் தேர்தலில் குற்றங்களைப் பற்றியே பேசிய ரிபப்ளிகன் லீ செல்டினுக்கு இந்தப் பகுதிகளில் ஓட்டு குவிந்தபோதே மணி அடித்துவிட்டது. கேட்கத்தான் ஆளில்லை.

எங்கள் கிழக்கு குயின்ஸில் வேறு கதை. க்ரீட்மோர் மனநல மருத்துவமனை வளாகத்தில் 2023 ஆகஸ்டில், புதிதாக வந்த அகதிகளுக்காக ஆயிரம் ஆண்கள் தங்கும் கூடாரம் போட்டார்கள். எதிர்த்து ஊர்வலம் போனவர்களில் வெள்ளைக்காரர்களோடு நம்மவர்களும் இருந்தார்கள். வரிசையில் பத்து, இருபது வருடம் நின்று கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு அந்தக் கூடாரம் தங்கள் காத்திருப்பையே கேலி செய்வதுபோல் பட்டது. அந்த மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது. கூடாரத்தில் படுத்திருந்தவனும் வேலை தேடி வந்தவன்தான் என்பதை நம்மவர்கள் அவ்வளவு சீக்கிரம் மறந்ததுதான் எனக்கு வலித்தது.

இன்னொரு விஷயம், இடத்தின் பேரை வைத்து ஆளை முடிவு செய்வது. ஃப்ளஷிங் பௌன் தெருப் பிள்ளையார் கோயிலை வைத்து "அங்கே இந்துக்கள் இப்படிப் போட்டார்கள்" என்று ஒருவர் எழுதியதைப் படித்தேன். 1977இல் கும்பாபிஷேகம் நடந்த அந்தக் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் தோசைக்கும் அர்ச்சனைக்கும் நாங்கள் எங்கிருந்தெல்லாமோ கார் எடுத்துக்கொண்டு போகிறோம். சுற்றியிருக்கும் தெருக்களில் குடியிருப்பவர்களில் பெரும்பாலானோர் சீனர்கள். கோயில் வாசலில் நிற்கும் கூட்டத்துக்கும் அந்தத் தெருவின் ஓட்டுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது.

ஸ்டேட்டன் தீவையும் அப்படித்தான் ஒரே சிவப்பாகப் பூசிவிடுகிறார்கள். நகரத்தின் ஐந்து போரோக்களில் (பெரும் பிரிவுகளில்) மூன்று தடவையும் டிரம்ப் ஜெயித்தது அது ஒன்றில்தான், உண்மை. ஆனால் தீவைக் குறுக்கே வெட்டும் எக்ஸ்பிரஸ்வேக்கு வடக்கே, படகுத் துறையிலிருந்து நடக்கிற தூரத்தில், டாம்ப்கின்ஸ்வில் விக்டரி புல்வார்டில் இலங்கைக் கடைகள் இருக்கின்றன. கொத்து ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்கும். கறுப்பினத்தவரும் மெக்ஸிகோக்காரர்களும் இலங்கையரும் கலந்து வாழும் அந்த வடகரை டெமாக்ரட் பக்கம்தான் சாய்கிறது. தெற்கே டாட்டன்வில் வரைக்கும் போனால் உலகமே வேறு. அதேபோல் ராக்கவே தீபகற்பத்தின் மேற்கு நுனியில் ப்ரீஸி பாயிண்ட். தீயணைப்புப் படையிலும் போலீஸிலும் இருக்கும் ஐரிஷ் குடும்பங்கள் தலைமுறையாக வாழும் இடம், அசைக்க முடியாத டிரம்ப் கோட்டை. அதே மணல்திட்டில் கிழக்கே எட்ஜ்மியர் பக்கத்து அரசுக் குடியிருப்புகள் அப்படியே எதிர்ப்பக்கம்.

ப்ரூக்ளினில் போரோ பார்க் போன்ற, ஆசாரம் மிகுந்த ஹசிடிக் யூதப் பகுதிகளில், சில தெருக்களைச் சேர்த்த மிகச் சிறிய வாக்குப் பிரிவுகளான சில எலெக்‌ஷன் டிஸ்ட்ரிக்டுகளில் டிரம்புக்கு 90 சதவீதத்துக்கு மேல். அதே மக்களை மாநில அவையில் பிரதிநிதிப்படுத்தும் சிம்கா ஐகன்ஸ்டைன் டெமாக்ரட். முரண்பாடு ஒன்றும் இல்லை. உள்ளூரில் முடிவு ஆவதே டெமாக்ரட் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் என்பதால் அந்தக் கட்சியிலேயே பதிந்துகொள்கிறார்கள். ஜனாதிபதிக்கு வேறு கணக்கு, பள்ளிக்கூட மானியத்துக்கு வேறு கணக்கு.

தேர்தலுக்குப் பின், தனக்கும் டிரம்புக்கும் சேர்த்தே ஓட்டுப் போட்டவர்கள் ஏன் போட்டார்கள் என்று குயின்ஸ், பிராங்க்ஸ் பகுதிகளின் டெமாக்ரட் காங்கிரஸ் உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் இன்ஸ்டாகிராமில் கேட்டார். அதே நவம்பரில், அப்போது மாநில அவை உறுப்பினராக இருந்த டெமாக்ரட் ஜோரான் மம்தானி ஹில்சைட் அவென்யூவிலும் பிராங்க்ஸின் ஃபோர்டம் ரோட்டிலும் மைக்கோடு நின்று போவோர் வருவோரைக் கேட்டார். விலைவாசி, வாடகை, காஸா என்றார்கள். ஓட்டே போடவில்லை என்றும் சிலர் சொன்னார்கள். காஸாவுக்காகக் கோபப்பட்டவர்களுக்கு இங்கே மூன்றாவது பெயரும் இல்லை, அந்த வருடம் நியூயார்க் வாக்குச்சீட்டில் ஹாரிஸ், டிரம்ப் இருவர் மட்டுமே. ஒரு வருடம் கழித்து 2025 மேயர் தேர்தலில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து ஓட்டுப் போட்டார்கள், 1969க்குப் பிறகு அத்தனை பேர் வந்ததில்லை. மம்தானி ஜெயித்தார், பிராங்க்ஸையும் குயின்ஸையும் சேர்த்து. சிவப்பு அம்பு ஏறிய தெருக்கள் பலவற்றில் பெரிய அளவில் ஓட்டு வாங்கினார். "போய்விட்டார்கள்" என்று சொல்லப்பட்டவர்களில் நிறையப் பேர் எங்கும் போகவில்லை, கூப்பிட ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

கொரோனாவில் ரூஸ்வெல்ட் அவென்யூ ரயில் பாலத்துக்குக் கீழே நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு ஓட்டு இருக்கிறது என்பதையும் எந்த வரைபடமும் காட்டுவதில்லை. குடியுரிமை இல்லாவிட்டாலும் சட்டப்படி குடியிருப்பவர்களுக்கு உள்ளூர்த் தேர்தலிலாவது ஓட்டு வேண்டும் என்று நகர மன்றம் 2021 டிசம்பரில் சட்டம் போட்டது. சுமார் 8 லட்சம் பேருக்குக் கிடைத்திருக்கும். 2025 மார்ச்சில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதைச் செல்லாது என்றுவிட்டது. ஆகவே "கொரோனா இப்படிப் போட்டது" என்றால், அங்கே குடியுரிமை உள்ளவர்களில், பதிந்தவர்களில், அன்றைக்கு வந்தவர்கள் போட்டது என்று அர்த்தம்.

நகரத் தேர்தல் வாரியத்தின் தளத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட எலெக்‌ஷன் டிஸ்ட்ரிக்டுகளின் கணக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் முகவரியைப் போட்டால் உங்கள் எண் வரும். 2020, 2024 இரண்டையும் எடுத்து, சதவீதத்தைத் தொடாமல், இரண்டு பேரும் வாங்கிய ஓட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் தெருவில் யார் கூடினார்கள், யார் குறைந்தார்கள் என்று கீழே பின்னூட்டத்தில் போடுங்கள். பெல்ரோஸ், ஃப்ளோரல் பார்க், க்ளென் ஓக்ஸ் பக்கத்துக்காரர்கள் முதலில் வாருங்கள். அடுத்த பதிவு அந்த மூன்று ஊர்களைப் பற்றித்தான்.