நாய்க் கல் எந்தப் பக்கத்தில்?

"ஏம்மா, அந்த நாய்க் கல்லு படம் எந்தப் பக்கத்துல வச்சிருக்கீங்க?"

ஆய்வு நெறியாளர் போனில் கேட்டது இவ்வளவுதான். எடுத்தனூர் நடுகல்லை, அதாவது இறந்த வீரனின் நினைவாக நட்ட கல்லைச் சொல்கிறார். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல். வீரனோடு அவன் நாயும் நிற்கும். அதன் பெயர் கோவிவன், அது இரண்டு கள்ளர்களைக் கடித்தது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நடுகல் படிக்க வந்தவர்கள் யாரும் மறக்காத நாய். என் ஆய்வேட்டில் அது எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. 260 பக்கம், 118 படம். "இதோ பார்த்துச் சொல்றேங்க ஐயா" என்று சொல்லிவிட்டு மவுஸ் சக்கரத்தை உருட்ட ஆரம்பித்தேன். அவர் லைனிலேயே இருந்தார். அந்த ஐந்து நிமிட மௌனம் இன்னும் காதில் இருக்கிறது.

லிப்ரே ஆபிஸ் ரைட்டரில்தான் தட்டச்சு செய்திருந்தேன். எஃப்5 அழுத்தினால் நேவிகேட்டர் என்று ஒரு பெட்டி வரும், தலைப்பு, அட்டவணை, படம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும் என்று விடுதித் தோழி சொன்னாள். அழுத்தினேன், வந்தது. இமேஜ்1, இமேஜ்2, இமேஜ்3 என்று நூற்றுச் சொச்சம் பெயர்கள். கல்யாண வீட்டில் எல்லாச் செருப்பும் ஒரே மாதிரி கிடப்பதுபோல. எதைச் சொடுக்கினாலும் ஒரு கல் வருகிறது, நமக்கு வேண்டிய கல் வருவதில்லை.

அடுத்த வாரம் ஐயா இன்னொன்று சொன்னார். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துள்ள மூன்று நடுகற்களையும் இரண்டாம் இயலின் தொடக்கத்திலேயே வைக்க வேண்டும். நியாயம்தான். அவற்றை விட்டுவிட்டுப் பல்லவர் காலத்துக்குத் தாவினால் யார் ஒப்புக்கொள்வார்கள்? மூன்று படத்தையும் விளக்கத்தையும் உள்ளே வைத்தேன். அவ்வளவுதான், மொத்தமும் கலைந்துவிட்டது. எழுத்தெல்லாம் நகர்ந்து அடுத்த பக்கங்களுக்குப் போனது, படங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றன. நாய்க் கல்லின் படத்துக்குக் கீழே "புலிகுத்திக் கல்" என்று எழுதியிருந்தது.

தப்பு என்னுடையதுதான். ஆரம்பத்தில் படங்கள் குதித்துக் குதித்து ஓடுகின்றன என்ற கடுப்பில், எல்லாவற்றின் ஆங்கரையும் 'டு பேஜ்' என்று மாற்றிவைத்திருந்தேன். அதாவது படத்தைப் பக்கத்தோடு ஆணியடித்துவிட்டேன். எழுத்து எங்கே போனாலும் படம் அந்தப் பக்கத்தை விட்டு அசையாது. படத்தின் அடியில் உள்ள விளக்கமோ சாதாரணப் பத்தி, அது எழுத்தோடு போய்விடும். போதாததற்கு "படம் 17" என்ற எண்ணும் நான் கையால் அடித்தது. மூன்று படம் முன்னால் நுழைந்ததும் 17 என்பது 20 ஆக வேண்டும், அதற்குப் பின் வரும் எல்லாம் மூன்று மூன்று கூட வேண்டும்.

ஒரு ராத்திரி உட்கார்ந்து அழுதேன் என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

மறுநாள் கோப்பை ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டு ஒவ்வொரு படமாகத் தொட்டேன். ஆங்கரை 'ஆஸ் கேரக்டர்' ஆக்கினேன். இப்போது படம் ஒரு பெரிய எழுத்து மாதிரி, வரியோடு வரும், வரியோடு போகும். பிறகு படத்தின் மேல் வலது சொடுக்கு, 'இன்செர்ட் கேப்ஷன்'. 'கேட்டகரி' கட்டத்தில் 'ஃபிகர்' என்று இருக்கும், அதை அழித்து "படம்" என்று நாமே அடிக்கலாம். எண்ணை அதுவே போட்டுக்கொள்ளும். படத்தையும் விளக்கத்தையும் சேர்த்து ஒரு சட்டத்துக்குள் அடைத்துவிடும், பிறகு இரண்டும் பிரிவதில்லை. படத்துக்குப் பெயரும் வைத்தேன். படத்தின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, 'ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் இமேஜ்43 என்று இருப்பதை "2_எடுத்தனூர்_நாய்" என்று மாற்றினால் நேவிகேட்டரில் அதே பெயர் வந்துவிடுகிறது. முன்னால் உள்ள 2 இயல் எண். 121 படத்துக்கும் இதைச் செய்ய முழுசாக மூன்று நாள். பெயர் வைக்கும் வேலையை மட்டும் முதல் நாளிலேயே செய்திருந்தால் படத்துக்குப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

இதைவிடப் பெரிய தலைவலி பத்திகளுக்குள் நான் படங்களைக் குறிப்பிட்டிருந்த விதம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பாடு இல்லை, படம் என்ற சொல்லும் எண்ணும் எங்கே வந்தாலும் ஒரே மாதிரி நிற்கும். நான் எழுதியிருந்தது: "படம் 17", "படம்-17இல்", "17ஆம் படத்தில்", "17-வது படத்தைக் காண்க". எதைத் தேடுவது? "பட" என்று மட்டும் தேடலில் போட்டுப் பார்த்தேன். காணப்படுகிறது, எனப்படும், வழிபடப்பட்டது, படை, படையல் என்று ஆய்வேடே எழுந்து வந்துவிட்டது. தமிழ் ஆய்வேட்டில் செயப்பாட்டு வினை எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. (பாதியை அப்போதே திருத்தினேன், அது தனிக் கதை.) கடைசியில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்' என்ற கட்டத்தில் டிக் அடித்து, "படம்|படத்" என்று தேடியதும் கூட்டம் குறைந்தது. நடுவில் இருக்கும் கோடு 'அல்லது' என்று பொருள்.

ஒவ்வொரு இடத்திலும் கையால் அடித்த எண்ணை அழித்துவிட்டு 'கிராஸ் ரெஃபரன்ஸ்' செருகினேன். அந்தப் பெட்டியில் "படம்" என்பதைத் தேர்ந்தால் எல்லா விளக்கங்களும் பட்டியலாக வரும். அங்கே ஒரு நல்ல வசதி உண்டு. "படம் 20" என்று முழுசாக வாங்காமல் எண்ணை மட்டும் வாங்கலாம். தமிழுக்கு இதுதான் சரிப்படுகிறது. எண்ணை மட்டும் செருகி, பின்னால் "ஆம் படத்தில்" என்று நானே எழுதிவிட்டேன். வேற்றுமை உருபு என் பொறுப்பு, எண் அதன் பொறுப்பு. அந்த எண்ணைச் சொடுக்கினால் நேராகப் படத்துக்கே போய் நிற்கும். படத்தை இடம் மாற்றினால் எஃப்9, எல்லா எண்ணும் சரியாகிவிடும். படப் பட்டியலையும் இந்த விளக்கங்களிலிருந்து அதுவே தயாரித்துத் தந்தது. முன்பு அதையும் கையால் அடித்து, பக்க எண்ணைப் பென்சிலால் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயா அடுத்த முறை போன் செய்தபோது நான் கொஞ்சம் தெனாவட்டாகவே இருந்தேன். "நாய்க் கல்லு..." என்று ஆரம்பித்ததுமே சொடுக்கிவிட்டேன். "94ஆம் பக்கம் ஐயா, 20ஆம் படம்." "அட" என்றார். "அதைக் கொஞ்சம் பெருசாப் போடுங்கம்மா, நாய் சரியாத் தெரியல."

வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் படங்களைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எதிர்ப்பக்கத்தில் உள்ள படத்தில் காண்க-ன்னு போட்டிருக்கீங்க. எதிர்ப்பக்கத்துல மேற்கோள்தானே இருக்கு?" எண் இல்லாத இடம். "படத்" என்ற தேடலில் அதுவும் வந்திருக்கும், எண் இல்லையே என்று நானே தாண்டிப் போயிருப்பேன். படம் மூன்று பக்கம் பின்னால் இருந்தது.