சூட்டில் உரசும் டை ஸ்டீல்: கடலூரில் இதுவரை ஓடிய ஓட்டங்கள்

டை ஸ்டீல் (அச்சுகள் செய்யும் கெட்டி எஃகு) சூட்டில் எவ்வளவு தேய்கிறது என்று பார்க்க, அடுப்புக்குள் சுழலும் வட்டத் தகட்டின் (டிஸ்க்) மேல் ஒரு சிறு ஸ்டீல் கம்பியை (பின்) பளு வைத்து உரசவிடுகிறோம். அப்படி ஒரு முறை உரசவிடுவதுதான் ஓர் ஓட்டம். முதல் மூன்று ஓட்டங்களின் அளவுகளை ஒதுக்கிவிட்டோம். பின்னின் முனை தட்டையாக இருந்ததுதான் காரணம். 6 மி.மீ. விட்டமுள்ள பின், 2 கிலோ பளு, 120 ஆர்பிஎம், தடத்தின் ஆரம் 20 மி.மீ. அதாவது நொடிக்கு 0.25 மீட்டர், அரை மணி நேரத்தில் சுமார் 450 மீட்டர் உரசல். தட்டை முனை டிஸ்க்கில் முழுதாக உட்காராது, ஓரம்தான் உரசும். அப்படியே உட்கார்ந்தாலும் 0.1 கன மி.மீ. தேய்மானத்துக்கு நீளம் 3.5 மைக்ரான்தான் குறையும். மைக்ரோமீட்டர் வைத்து அதை நம்ப முடியாது.

இப்போது முனையை லேத்தில் 3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டி, ஹீட் ட்ரீட்மென்ட் (சுட்டுக் கடினமாக்குதல்) முடிந்த பிறகு 600 நம்பர் எமரித் தாளில் தேய்த்துவிட்டு ஓட்டுகிறோம். தேய்ந்த வட்டத்தை யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பில் அளக்கலாம். விட்டத்தின் நான்காம் அடுக்கை 3.14-ஆல் பெருக்கி, முனை ஆரத்தின் 64 மடங்கால் வகுத்தால் தேய்ந்த கனஅளவு கிடைக்கும். 1 மி.மீ. வட்டத்துக்கு 0.016 கன மி.மீ., 2 மி.மீ. வட்டத்துக்கு 0.26. விட்டத்தில் 5 சதவீதம் தவறினால் விடையில் 20 சதவீதம் தவறும். எனவே குறுக்கும் நெடுக்குமாக அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

தராசை ஏன் நம்பவில்லை என்றால், 550 டிகிரி செல்சியஸில் ஓடிய எச்-13 (சூட்டு வேலைக்கான டை ஸ்டீல்) பின், எடை கூடியும் வெளியே வரலாம். 1 கிராம் இரும்பு முழுவதும் சிவப்பு ஆக்சைடானால் 0.43 கிராம் ஆக்சிஜன் சேர்கிறது. தேய்ந்து போனதே ஒரு மில்லிகிராம் அளவில் இருக்கும்போது, பின்னின் பக்கவாட்டில் படியும் ஆக்சைடே அதை மறைத்துவிடும். உரசாத பின் ஒன்றையும் அதே அடுப்புக்குள் வைத்து எடைபோட்டால் இது பளிச்சென்று தெரியும்.

வெப்பநிலையை பின்னுக்குள்ளேயே பார்க்கிறோம்: உரசும் முனைக்கு 3 மி.மீ. மேலே 1.5 மி.மீ. துளை, அதில் கே டைப் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி). அடுப்பு, இன்சுலேஷன் செங்கல்லும் நிக்ரோம் காயிலும்தான்.

டெம்பரிங் (கடினமாக்கிய ஸ்டீலை மறுபடி சுடவைத்துப் பதப்படுத்துவது) வெப்பநிலை, ஓட்டும் வெப்பநிலையைவிட 30 முதல் 50 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். எச்-13 பின்னும் டிஸ்க்கும் 600-ல் இரண்டு முறை டெம்பர் ஆனவை. ஓஎச்என்எஸ் (எண்ணெயில் குளிர்வித்துக் கடினமாக்கும் டை ஸ்டீல்) பின்னை 200-ல் டெம்பர் செய்து 400-ல் ஓட்டினால், ஓடும்போதே அதன் கடினம் 60 எச்ஆர்சி-யிலிருந்து (ராக்வெல் கடின அளவு) 50-க்கு அருகே இறங்கிவிடும். அது தேய்மானச் சோதனையே அல்ல. உரசிக்கொண்டே இன்னொரு டெம்பரிங் செய்கிறோம், அவ்வளவுதான்.

எச்-13 ஓட்டங்களில் 200 டிகிரியில் தடம் முழுக்க உலோகக் கீறல், ஓரத்தில் செம்பழுப்புத் தூள். அந்தத் தூள் உதிரியாக இருக்கும்வரை எமரி போல இரண்டு பக்கமும் அரைக்கும். 400-ல் தடத்தில் அங்கங்கே கறுப்புத் திட்டுகள். 550-ல் அந்தத் திட்டுகள் வார்னிஷ் பூசியது போல மினுங்குகின்றன. அதே ஆக்சைடுத் தூள்தான். சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகி ஒட்டிக்கொண்டு உலோகம் உலோகத்தைத் தொடாமல் தடுக்கிறது. இந்த மினுக்குப் படலம் உருவாகச் சிறிது நேரம் பிடிக்கும். அதுவரை தேய்மானம் அதிகம். ஆகவே 10 நிமிட ஓட்டத்தையும் 30 நிமிட ஓட்டத்தையும் மீட்டருக்கு இவ்வளவு தேய்மானம் என்று ஒப்பிடவே கூடாது.

படலம் தானாக நிற்பதில்லை. அடியில் இருக்கும் ஸ்டீல் கெட்டியாக இருக்கும்வரைதான் அது தாங்கும். ஸ்டீல் இளகினால் படலம் முட்டை ஓட்டைப் போல நொறுங்கி மறுபடியும் தூளாகிறது.

கரண்ட் போனால் அந்த ஓட்டத்தைக் கைவிடுங்கள். ஆக்சைடும் ஸ்டீலும் ஆறும்போது சுருங்கும் அளவு வேறு வேறு. படலம் விரிசல் விட்டு உரிந்துவிடும். திரும்பச் சுடவைத்து ஓட்டினால் அது புதிய ஓட்டம்தான். கடலூர் முதுநகர்ப் பக்கத்து உப்புக்காற்றும் லேசுப்பட்டதல்ல. ஐப்பசி, கார்த்திகையில் எமரி போட்ட பின்னைத் திறந்து வைத்தால் மறுநாள் காலையில் புள்ளித்துரு. வெறுங்கையால் தொடாமல் அசிட்டோனில் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைக்கிறோம். ஓட்டத்துக்கு முன் வந்த துரு, ஓட்டத்தில் வந்த ஆக்சைடு இரண்டையும் பிறகு பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்த ஓட்டம் வேண்டுமென்றே 650 டிகிரியில், அதே எச்-13. 600 டெம்பரிங்கைத் தாண்டுவதால் ஸ்டீல் இளகும். மினுக்குப் படலம் எத்தனையாவது நிமிடத்தில் விட்டுக்கொடுக்கிறது என்று பார்க்க, 5 நிமிடத்துக்கு ஒரு பின் வீதம் ஆறு பின்கள் உருட்டி வைத்தாயிற்று.