சந்தி டொக்டரும் பல்கலைக்கழகக் கதிரையும்

எங்கள் ஊர்ச் சந்தியில் டிஸ்பென்சரி வைத்திருந்த டொக்டர், என் தொண்டையைப் பார்ப்பதற்கு முன்னரே ஆச்சியின் முழங்கால் நோவைப் பற்றி அம்மாவிடம் விசாரிப்பார். அதை அவருடைய நல்ல குணம் என்று எண்ணினோமே தவிர, கற்பிக்கத்தக்க மருத்துவ அறிவு என்று எவரும் கருதவில்லை. உண்மையான மருத்துவம் பெரியாஸ்பத்திரியில்தான் இருக்கிறது என்பது ஊரின் முடிந்த முடிவு.

இந்த எண்ணம் எங்களுக்கு மட்டும் உரியதன்று. எங்கள் டொக்டரைப் போன்ற பொது மருத்துவர்கள், வைத்தியசாலை நிபுணராகும் ஏணியில் ஏற முயன்று விழுந்தவர்கள் என்ற பொருள்பட 1958 இல் பிரித்தானியாவில் மோரன் பிரபு என்ற மருத்துவர் சொன்னார். இகழ்ச்சிக்கு ஓரளவு காரணமும் இருந்தது: கொலிங்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இங்கிலாந்தின் 55 பொது மருத்துவ நிலையங்களை நேரிற் பார்த்து, அவற்றின் அவலத்தை 1950 இல் லான்செற் மருத்துவ இதழில் எழுதியிருந்தார்.

ஆனால் ஏணியைப் பற்றிப் பேசியவர்கள் வில்லியம் பிக்கிள்ஸை மறந்துவிட்டார்கள். இங்கிலாந்தின் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் கிராமப் பொது மருத்துவரான இவர், 1929 இல் அங்கு மஞ்சட்காமாலை பரவியபோது, காலையில் படுக்கையில் தாம் பார்த்த வேலைக்காரப் பெண் அன்று பிற்பகலே ஊர்விழாவுக்கு எழுந்து போனதையும், பின்னர் யார் யாருக்கு எந்நாளில் நோய் கண்டதென்பதையும் குறித்துவைத்து, தொற்றுக்கும் நோய்க்குறிக்கும் இடையில் 26 முதல் 35 நாட்கள் செல்லும் என்று கணித்தார். யார் யாரைச் சந்தித்தார் என்று அறிந்திருந்த ஒருவரால் மட்டுமே முடிந்த ஆய்வு அது. எந்தப் பெரிய வைத்தியசாலையின் விடுதியிலும் அதைச் செய்திருக்க இயலாது. 1952 இல் பிரித்தானியாவில் உருவான பொது மருத்துவர் கல்லூரியின் முதல் தலைவர் அவரே.

1961 இல் அமெரிக்காவில் கேர் வைற்றும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கணக்கு இதைவிடக் கூரியது: 1000 வளர்ந்தோரில் ஒரு மாதத்தில் 750 பேர் ஏதோ வருத்தம் உணர்கின்றனர், 250 பேர் மருத்துவரை நாடுகின்றனர், 9 பேர் வைத்தியசாலையில் தங்குகின்றனர், பல்கலைக்கழக வைத்தியசாலையை அடைபவர் ஒருவர். அந்த ஒருவரை வைத்தே மாணவர்கள் மருத்துவம் பயின்றார்கள்! உலகின் முதற் பொது மருத்துவப் பேராசிரியர் கதிரை 1963 இல் எடின்பரோவில் ரிச்சர்ட் ஸ்கொற்றுக்குக் கிடைத்தது. இலங்கையின் பொது மருத்துவர் கல்லூரி 1974 இல் தோன்றியது. 1978 இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் இன்று சமுதாய மருத்துவத்தோடு, பொது மருத்துவத்தின் இன்றைய பெயரான குடும்ப மருத்துவமும் ஒரே துறையாக இருக்கிறது.

குடும்ப மருத்துவத்துக்கு அடித்தளம் ஒரே மனிதரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பது. 1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமமே ஓரிரவில் எழுந்து நடந்த மண்ணில் அந்தத் தொடர்ச்சிக்கு என்ன பொருள் என்பதை எடின்பரோ எங்களுக்குக் கற்பிக்க முடியாது. எங்கள் டொக்டரும் அன்று நடந்தார். தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் கதிரை போட்டு, அதே ஆட்களை அதே பெயர் சொல்லி அழைத்துப் பார்த்தார். எந்த வீட்டில் சீனி வருத்தம், எந்த வீட்டில் இழுப்பு என்று மூன்று தலைமுறைக் கதை அவர் தலைக்குள் இருந்தது. அவர் காலமான பின் டிஸ்பென்சரி அலுமாரியில் கொப்பிகள் கிடைத்தன. அவற்றில் யார் எவ்வளவு கடன் என்று எழுதியிருந்தது. யாருக்கு என்ன வருத்தம் என்று ஒரு வரியும் இருக்கவில்லை.