எந்த மன்றோ?

நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயலில் ஸ்காட்லாந்தில், ஃபைரிஷ் குன்றின் உச்சியில் ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. அதைக் கட்டவைத்த பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் தளபதி ஹெக்டர் மன்றோ மீது எனக்கு வெகுநாளாக ஒரு கண். நாகப்பட்டினத்துக்காரனுக்கு இருக்காதா? லண்டனில் ஓராண்டு தங்க நேர்ந்தபோது அவருடைய பணி வரலாற்றைத் தேடிப் புறப்பட்டேன்.

முதல் வாரம் வீண். நான் எழுதிவைத்ததில் பாதி தாமஸ் மன்றோவுடையது. சென்னையில் குதிரைமேல் சிலையாக இருக்கிறாரே, அவர். 1780இல் இருவரும் ஒரே படையில் இருந்தார்கள். ஹெக்டர் தளபதி, தாமஸ் அந்த ஆண்டுதான் வந்திறங்கிய கேடட், அதாவது பயிற்சி அதிகாரி. முதற்பெயரைக் கவனிக்காதது என் தவறு.

பிறகு லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் காட்டினால் வாசகர் அட்டை இலவசம். உள்ளே பென்சில் மட்டும்தான். சட்டைப்பையில் பேனாவோடு போய், அதை லாக்கரில் வைக்கத் திரும்பி ஓடினேன். மன்னரின் படை அதிகாரிகளை அங்கே அச்சிட்ட படைப்பட்டியல்களில் பிடிக்கலாம்: படைப்பிரிவு வாரியாகப் பெயர், எதிரே பதவி பெற்ற நாள். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாள்கள் வேண்டுமென்றால் பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போக வேண்டும்.

குறிப்பேட்டில் இரண்டு பத்தி போட்டேன். இடப்பக்கம் போர், வலப்பக்கம் நாடாளுமன்றம். 1764 பக்சார் வெற்றி. அதற்குச் சற்று முன், கலகம் செய்த சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்ட கொடூரம். 1768 முதல் 1802 வரை இன்வர்னஸ் நகரங்கள் தொகுதியின் உறுப்பினர். 1778 புதுச்சேரி முற்றுகை.

1780 செப்டம்பரில் கை நின்றுவிட்டது. 10ஆம் தேதி பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை, மன்றோவோடு சேர வந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் அதிகாரி பெய்லியின் பிரிவை அழிக்கிறது. சில மைல் தள்ளிக் காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்குகிறார். அதே வாரங்களில் பிரிட்டனில் பொதுத்தேர்தல். இன்வர்னஸ், ஃபாரஸ், நேர்ன், ஃபோர்ட்ரோஸ் என்ற நான்கு ஊர்ச் சபைகளின் பிரதிநிதிகள் மட்டும் வாக்களிக்கும் தொகுதி அது. கப்பலில் செய்தி போய்ச் சேர மாதங்கள் ஆகும் காலம். அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தை மன்றோ பிடித்தார். ஊர் திரும்புமுன் ஃபைரிஷ் குன்றில் ஏறிப் பார்த்தேன். வளைவுகளின் ஊடே குரோமார்ட்டி கடற்கழி தெரிந்தது. எங்கள் ஊரில் அந்த வாசலை நான் பார்த்ததே இல்லை.