ஹோய் ஆனிலும் வேலந்தாவளத்திலும்

வேலை வியட்நாம் டா நாங்கில், லீவுக்கு கேரளாவில் பாலக்காடு பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை. கேமரா இரண்டு ஊரிலும் சும்மா இருப்பதில்லை.

டா நாங்கிலிருந்து ஹோய் ஆன் என்ற ஊர் சுமார் 30 கிலோமீட்டர். ரெஹான் என்ற பிரெஞ்சு புகைப்படக்காரர் அங்கேயே குடியேறி, வியட்நாமின் 54 இனக்குழுக்களையும் தேடிப்போய் முகம் முகமாக எடுத்தார். 2017-ல் அதற்கென்று மியூசியமே திறந்துவிட்டார். படங்களோடு அவர்களின் பாரம்பரிய உடைகளும் இருக்கின்றன. போனால் நேரம் போவதே தெரியாது.

ஆற்றங்கரையில் படகுப் பாட்டிகள் போஸ் கொடுத்தால் காசு கேட்பார்கள். கொடுக்கலாம், அதுவும் உழைப்புதானே!

கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் இருக்கும் நம்ம வேலந்தாவளம் சந்தையில் கதையே வேறு. தக்காளிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அக்கா, "இரு கண்ணு, மூஞ்சி கழுவிட்டு வாரேன்" என்று போய், தலை வாரி, திருநீறு பூசி வந்து நின்றார். நான் எடுக்க நினைத்த முகம் போச்சு! சரி என்று தகரக் கூரையின் ஓர நிழலில் நிறுத்தி, 50 எம்எம் லென்ஸின் துவாரத்தை எஃப் 2 அளவுக்கு அகலமாகத் திறந்து எடுத்தேன். மூக்குத்தியில் பொட்டாக ஒரு வெளிச்சம். அசத்தல்!

"பெரிசா ரெண்டு போடு, மகளுக்கும் ஒண்ணு" என்று ஆர்டர் வந்தாச்சு. பொள்ளாச்சிப் பக்கம் பளபளப்பில்லாத நல்ல மேட் பிரிண்ட் போடும் கடை தெரிந்தால் சொல்லுங்க.